துன்பியல் நாயகன் என்பவன் யார்? ஜான் பிராக்டரை வைத்து ஒரு விளக்கம்

ஆர்தர் மில்லர் எழுதிய ‘தி குரூசிபிள்’ நாடகத்தில் நல்லவர்கள் பலர் சாகிறார்கள். ரெபெக்கா நர்ஸ் என்று ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர். 11 பிள்ளைகள், 26 பேரப்பிள்ளைகள் கண்டவர். முனகுகிற குழந்தையின் பக்கத்தில் சும்மா போய் நின்றாலே அது அடங்கிவிடும், அப்படி ஒரு முகராசி. அவரைத் தூக்கில் போடுகிறார்கள். ஜைல்ஸ் கோரி என்று எண்பதைத் தாண்டிய முரட்டுக் கிழவர். குற்றச்சாட்டுக்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்க வைப்பதற்காக நெஞ்சின் மேல் பாறாங்கற்களை அடுக்குகிறார்கள். இன்னும் கல் வை என்று மட்டும் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறார். அப்புறம் ஜான் பிராக்டர் என்ற விவசாயி. அவனும் தூக்குக்குப் போகிறான்.

மூன்று பேரும் செய்யாத குற்றத்துக்காகச் சாகிறார்கள். மூன்று பேரும் கடைசிவரை பணியவில்லை. ஆனால் இலக்கிய வகுப்பில் துன்பியல் நாயகன் என்று பேச்சு வந்தால் பிராக்டரின் பெயரைத்தான் சொல்வார்கள். ஏன் பாட்டி இல்லை? ஏன் கிழவர் இல்லை? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் ‘துன்பியல் நாயகன்’ என்ற கருத்து முக்கால்வாசி புரிந்த மாதிரி.

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். சேலெம் என்றதும் மாம்பழம் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை, ஆங்கிலத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே எழுத்துதான். இந்தச் சேலெம் அமெரிக்காவின் வடகிழக்கே, மாசசூசெட்ஸில் இருக்கிறது. 1692-இல் அது இங்கிலாந்தின் குடியேற்றம். பியூரிட்டன்கள் என்ற கறாரான கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் சாமுவேல் பாரிஸ் என்ற போதகரின் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு வலிப்பு போல ஏதோ வந்தது. சூனியம் என்று பேச்சு கிளம்பியது. செய்தது யார், யார் என்று பெரியவர்கள் கேட்கக் கேட்க, சிறுமிகள் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். செப்டம்பர் முடிவதற்குள் 14 பெண்களும் 5 ஆண்களுமாக 19 பேரைத் தூக்கிலிட்டாகிவிட்டது. ஜைல்ஸ் கோரியைக் கல்லடுக்கிக் கொன்றது இந்தக் கணக்கில் சேராது. சிறைக்குள்ளேயே இறந்தவர்கள் குறைந்தது ஐந்து பேர்.

அந்த விசாரணையின் நடைமுறை தெரிந்தால்தான் நாடகம் பிடிபடும். இன்னாருடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது என்று ஒரு பெண் சொன்னால் அதுவே சாட்சியம். அந்த ஆவி அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில் நான் வீட்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன் என்று நீங்கள் நிரூபித்தாலும் பிரயோஜனம் இல்லை. உடம்பு வீட்டில் இருந்திருக்கும், ஆவி போய்க் கிள்ளியிருக்கும். இதைவிடக் கொடுமை தண்டனை கொடுத்த விதம். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், மறுத்தவர்கள் தூக்கில் தொங்கினார்கள். ஒப்புக்கொள்கிறவர் கூடவே இன்னும் நான்கு பேரைக் காட்டிக்கொடுத்தால் நீதிபதிகளுக்கு மெத்த மகிழ்ச்சி.

மில்லர் இந்தக் கதையைக் கையில் எடுத்த நேரமும் சாதாரணமானது இல்லை. நாடகம் நியூயார்க்கில் 1953 ஜனவரி 22-ஆம் தேதி அரங்கேறியது. அமெரிக்காவில் அப்போது கம்யூனிஸ்ட் வேட்டை. நாடாளுமன்றக் குழு ஒன்று எழுத்தாளர்களையும் சினிமாக்காரர்களையும் கூப்பிட்டு, நீ கட்சியில் இருந்தாயா, உன்னோடு யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. மில்லரின் நாடகங்களை இயக்கிய நண்பர் எலியா கசான் 1952-இல் அந்தக் குழு முன்பு பெயர்களைச் சொன்னார். 1956-இல் மில்லரையே கூப்பிட்டார்கள். தன்னைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மற்றவர்களின் பெயரைக் கேட்டபோது மறுத்துவிட்டார். அதற்காக 1957-இல் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள், 1958-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. தான் எழுதிய காட்சி மூன்று வருடம் கழித்துத் தன்னையே தேடி வருவது எத்தனை எழுத்தாளருக்கு வாய்க்கும்!

நாடகத்தின் தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரூசிபிள் என்றால் தங்கத்தை உருக்குகிற மூசை. நெருப்பில் வைத்தால் பொன் எது, கசடு எது என்று தெரிந்துவிடும்.

சரி, துன்பியல் நாயகனுக்கு வருவோம். இந்தக் கருத்தின் மூலவர் அரிஸ்டாட்டில். கி.மு. நான்காம் நூற்றாண்டில் ‘கவிதையியல்’ என்று நாம் அழைக்கும் சிறு நூலில், எந்த மாதிரி ஆள் விழுந்தால் பார்வையாளனுக்கு மனம் கலங்கும் என்று யோசிக்கிறார். முழுக்க நல்லவன் ஒருவன் விழுந்தால் இரக்கத்தை விட அதிர்ச்சியும் அருவருப்பும்தான் வரும், இது என்ன அநியாயம் என்று தோன்றும். கெட்டவன் விழுந்தால் வேண்டும் அவனுக்கு என்போம். ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒருவன் தேவை. நம்மை மாதிரி ஒருவன், ஆனால் ஓரளவு உயரத்தில் நிற்பவன். அவன் பொல்லாத்தனத்தால் விழக் கூடாது, ஒரு தவறால் விழ வேண்டும். அந்தத் தவறுக்கு அவர் போட்ட பெயர் ‘ஹமார்த்தியா’. இந்தச் சொல்லின் வேர் வினைக்கு எறிந்த ஈட்டியோ எய்த அம்போ குறி தவறுதல் என்ற பொருளும் உண்டு. பாவம், கெட்ட குணம் என்றெல்லாம் இதை மொழிபெயர்த்துத்தான் நாம் குழம்பிவிட்டோம்.

இங்கேயே ரெபெக்கா பாட்டிக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. அவரிடம் குறி தவறியது எதுவும் இல்லை. முதல் அங்கத்தில் எப்படி நடந்து வந்தாரோ, கடைசி அங்கத்திலும் அப்படியேதான் போகிறார். கொஞ்சம் தடுமாறுகிறார், அதுவும் காலை ஆகாரம் சாப்பிடாததால் என்று அவரே சொல்கிறார். அவர் ஒரு புனிதை. புனிதையின் சாவு நமக்குக் கோபத்தைக் கொடுக்கும். நாமும் இப்படித்தான் விழுந்திருப்போம் என்ற நடுக்கத்தை அது கொடுப்பதில்லை.

பிராக்டர் அப்படி இல்லை. முப்பதுகளின் நடுவில் இருக்கிறான், உழைப்பாளி, வாய் நீளம். வெளிவேஷம் போடுகிற போலிகளைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. போதகர் பாரிஸ் தங்க மெழுகுவர்த்தித் தாங்கி கேட்டு மாதக்கணக்கில் பிரசங்கம் செய்ததால் தன் மூன்றாவது பிள்ளைக்கு ஞானஸ்நானமே வேண்டாம் என்று இருந்துவிட்டவன். ஊரில் அவன் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவன் வீட்டில் வேலை செய்த அபிகெயில் என்ற பதினேழு வயதுப் பெண்ணோடு அவனுக்குத் தொடர்பு இருந்திருக்கிறது. மனைவி எலிசபெத் கண்டுபிடித்து அவளை வெளியே அனுப்பி ஏழு மாதம் ஆகிறது. சேலெமில் பேயாட்டம் போடும் பெண்களுக்குத் தலைவி இந்த அபிகெயில்தான். எலிசபெத் போய்ச் சேர்ந்தால் அந்த இடம் தனக்கு என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

இனி இரண்டாம் அங்கத்தின் முதல் இரண்டு நிமிடம். நாடகம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, தொடக்கத்தில் இங்கே யாரும் பேசுவதுகூட இல்லை. சாயங்காலம். பிராக்டரின் வீட்டுக் கூடம். மாடியில் எலிசபெத் பிள்ளைகளுக்குப் பாடுவது கேட்கிறது. வயலிலிருந்து வந்த பிராக்டர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்பில் தொங்கும் சட்டியிடம் போகிறான். அகப்பையில் கொஞ்சம் எடுத்து ருசி பார்க்கிறான். சப்பென்று இருக்கிறது. உப்பை ஒரு சிட்டிகை எடுத்துப் போடுகிறான். மறுபடி ருசி பார்க்கும்போது மனைவியின் காலடிச் சத்தம். சட்டியை அடுப்புக்குள் தள்ளிவிட்டு ஒதுங்கிவிடுகிறான். அவள் வந்து பரிமாறுகிறாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பக்குவமாக இருக்கிறது என்கிறான். அவள் முகம் பூரித்துப்போகிறது. ரொம்பக் கவனமாகச் செய்தேன் என்கிறாள்.

இந்தப் பாராட்டு ஒரு பொய். மனைவியை மகிழ்விக்கச் சொன்ன பொய், யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். ஆனால் அந்தக் குடித்தனம் எப்படி உப்புச்சப்பில்லாமல் போய்விட்டது, அவன் எப்படி ஒவ்வொரு நாளும் அதில் தானே ஒரு சிட்டிகை போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்பதெல்லாம் அந்தச் சட்டியில் இருக்கிறது. இவன் நேர்மையானவன், தான் நேர்மையாக இல்லை என்பது இவனுக்கே தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் நாயகனுக்கான மூலப்பொருள்.

அதே அங்கத்தில் இன்னொரு இடம். விசாரணைக்காக வந்திருக்கும் ஜான் ஹேல் என்ற போதகர் பிராக்டரிடம் பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொல்கிறார். விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொல்கிறான். கொலை செய்யாதே, திருடாதே என்று வரிசையாக வருகிறது. ஒன்பதில் நின்றுவிடுகிறான். சொன்னதையே திரும்பச் சொல்கிறான். தடுமாறுகிறான். எலிசபெத் மெதுவாக எடுத்துக் கொடுக்கிறாள்: விபசாரம், ஜான். எந்தக் கட்டளையை மீறினானோ அது மட்டும் வாயில் வரவில்லை! இதைக் குத்தலாகச் சொல்ல வேண்டியதில்லை, உதவியாகத்தான் சொல்கிறாள். அதனால்தான் அது ஊசி மாதிரி இறங்குகிறது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் பத்தும் தெரிந்துவிடுகிறது பாருங்கள் என்று அவன் சமாளிப்பதைப் பார்த்து அரங்கில் சிரிப்பு வரும், தொண்டைக்குள் ஏதோ அடைக்கவும் செய்யும்.

அப்படியானால் அவனுடைய ஹமார்த்தியா அந்தக் கள்ள உறவுதானா? நான் படித்த காலத்தில் பரீட்சைக்கு எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். மதிப்பெண்ணும் வந்தது. சிலர் கர்வம் என்று எழுதுவார்கள். இப்போது படிக்கும்போது இரண்டுமே சரியாகப் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. உறவு நடந்தது நாடகம் தொடங்குவதற்கு மாதங்கள் முன்பு. அதனால் மட்டும் யாரும் தூக்குக்குப் போயிருக்க மாட்டார்கள். நாடகத்துக்குள்ளே, நம் கண் முன்னால் அவன் செய்கிற தவறு வேறு: அவன் தாமதிக்கிறான்.

முதல் அங்கத்திலேயே அபிகெயில் தனியாக இருக்கும்போது அவனிடம் சொல்லிவிடுகிறாள், சூனியம் எதுவும் இல்லை, காட்டில் ஆடிக்கொண்டிருந்தோம், மாமா பாரிஸ் வந்து நின்றதும் பயந்துவிட்டோம், அவ்வளவுதான் என்று. ஊரில் இந்த உண்மை அவன் ஒருவன் கையில்தான் இருக்கிறது. அடுத்த அங்கம் எட்டு நாள் கழித்து. அதற்குள் 14 பேர் சிறையில் என்று எலிசபெத் சொல்கிறாள், நகரத்துக்குப் போய் உண்மையைச் சொல் என்கிறாள். யோசிக்கிறேன் என்கிறான். அவள் என்னிடம் தனியாக இருக்கும்போது சொன்னாள், எப்படி நிரூபிப்பேன் என்கிறான். தனியாகவா இருந்தாய்? அதுவரை அவன் சொல்லி வைத்திருந்தது வேறு. சண்டை அங்கே மூள்கிறது. அன்று மாலையே வேலைக்காரப் பெண் மேரி வாரன் நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்து, இப்போது 39 பேர் என்கிறாள். பதினான்கு முப்பத்தொன்பதாக ஏறியது அவன் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குள். நீதிமன்றத்தில் உண்மையைச் சொன்னால் ‘அவளும் நீயும் தனியாக ஏன் இருந்தீர்கள்’ என்ற கேள்வி வரும், தன் பெயர் கெடும். பெயர் கெடக் கூடாது என்று பொத்தி வைத்ததில் குறி தவறிவிட்டது.

இது என் கற்பனை இல்லை, அவனே பின்னால் ஒத்துக்கொள்கிறான். மூன்றாம் அங்கத்தின் முடிவில் எல்லாம் கைமீறிப் போனபிறகு, மக்களை அறியாமையிலிருந்து மீட்கத் தயங்குகிறவர்களுக்காக நரக நெருப்பு எரிகிறது, நான் தயங்கிய மாதிரி, நீங்கள் இப்போது தயங்குகிற மாதிரி என்று நீதிபதிகளைப் பார்த்துக் கத்துகிறான். காமத்தைச் சொல்லவில்லை, தயக்கத்தைச் சொல்கிறான்.

அரிஸ்டாட்டில் சொல்கிற அடுத்த உறுப்பு, தலைகீழ்த் திருப்பம். ஒன்றை நினைத்துச் செய்த செயல் அதற்கு நேர் எதிரான பலனைக் கொடுப்பது. அவர் காட்டும் உதாரணம் ஈடிபஸ். தன் தந்தையை யாரென்று தெரியாமல் கொன்று, தாயை யாரென்று தெரியாமல் மணந்த மன்னன். அவன் அச்சத்தைப் போக்கலாம் என்று வந்த தூதன் சொன்ன செய்திதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

மில்லரின் நாடகத்தில் இது நடப்பது நீதிமன்றத்தில். எலிசபெத்தைக் கைது செய்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் பிராக்டர் எல்லோர் முன்பும் தன் கள்ள உறவை ஒப்புக்கொள்கிறான். பொத்திப் பொத்தி வைத்த பெயரைத் தானே உடைத்துப் போடுகிறான், அபிகெயில் பழிவாங்குகிறாள் என்று காட்டுவதற்காக. துணை ஆளுநர் டான்ஃபோர்த் சோதிக்க நினைக்கிறார். என் மனைவி பொய்யே சொல்லமாட்டாள், அவளைக் கேளுங்கள் என்கிறான் பிராக்டர். எலிசபெத்தை உள்ளே அழைப்பதற்கு முன் அவனையும் அபிகெயிலையும் திரும்பி நிற்கச் சொல்கிறார்கள், முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடாது என்று. அவளுக்குத் தெரிவதெல்லாம் கணவனின் முதுகு. உன் கணவன் விபசாரியா? வாழ்நாளில் பொய் சொல்லாதவள், கணவன் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொல்கிறாள்: இல்லை. வெளியே கூட்டிப்போகும்போது அவன் கத்துகிறான், நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் எலிசபெத்! கடவுளே என்று அவள் சொல்லும்போது கதவு மூடுகிறது.

இந்த முடிச்சைக் கவனியுங்கள். அவன் தன் பெயரை விட்டுக்கொடுத்தான் அவளுக்காக. அவள் தன் உண்மையை விட்டுக்கொடுத்தாள் அவனுக்காக. ஏழு மாதமாக இல்லாத அன்பு அந்த ஒரு நிமிடத்தில் இருவரிடமும் வந்தது, வந்த வேகத்தில் இருவரையும் கவிழ்த்தது.

அப்புறம் அறிதல். நாயகனுக்குத் தன்னைப் பற்றிய உண்மை தெரியவரும் கணம். நமக்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. கண்ணகி சிலம்பை உடைக்க, உள்ளிருந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் நெடுஞ்செழியன் தானே கள்வன் என்று உணர்ந்து விழுந்தானே, அதுதான். ஈடிபஸும் அப்படித்தான், தன்னை நல்ல அரசன் என்று நம்பியவன் தானே குற்றவாளி என்று கண்டுகொள்கிறான்.

பிராக்டரிடம் இந்த விதி திரும்பி நிற்கிறது. இவன் ஆரம்பத்திலிருந்தே தன்னைக் குற்றவாளி என்று நம்புகிறவன். கடைசி அங்கத்தில், தூக்குக்கு முன்னால் சிறையில் எலிசபெத்தைச் சந்திக்கும்போது அவன் சொல்வதைக் கேளுங்கள்: புனிதன் மாதிரி மேடையேறினால் அது மோசடி, நான் அந்த ஆள் இல்லை, என் நேர்மை எப்போதோ உடைந்துபோனது, இந்தப் பொய்யால் புதிதாக எதுவும் கெட்டுவிடப் போவதில்லை. சாவுக்குப் பயந்து பொய் சொல்கிறான் என்று நினைத்துப் படித்தால் நாடகம் கை நழுவிவிடும். நல்லவர்களோடு சேர்ந்து சாவதற்குத் தனக்குத் தகுதியில்லை என்றுதான் ஒப்புக்கொள்ளப் போகிறான்.

வாயால் ஒப்புக்கொள்கிறான். மற்றவர்கள் பிசாசோடு இருந்ததைப் பார்த்தாயா என்று கேட்கும்போது மறுக்கிறான். கையெழுத்துப் போடு என்கிறார்கள். போடுகிறான். போட்ட கையோடு தாளைப் பிடுங்கிக்கொள்கிறான். இந்தத் தாளைத் தேவாலயத்தில் ஆணியடித்து மாட்டப்போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தேவாலயத்தின் கூரைக்கு ஆணியடித்ததும், கதவை மாட்டியதும் அவன்தான். வாயால் சொன்னேனே, போதாதா என்கிறான். போதாது. ஏன் கொடுக்க மறுக்கிறாய் என்று டான்ஃபோர்த் கேட்கும்போது வெடிக்கிறான்: அது என் பெயர், இந்தப் பிறவியில் எனக்கு வேறு பெயர் கிடையாது, ஆன்மாவைக் கொடுத்துவிட்டேன், பெயரையாவது விட்டுவையுங்கள். தாளைக் கிழிக்கிறான். அழுகிறான். அப்போதுதான் தனக்குள் ஏதோ கொஞ்சம் நல்லது மிச்சம் இருப்பது தெரிகிறது. கொடி நெய்கிற அளவுக்கு இல்லை என்று அவனே சொல்கிறான், ஆனால் இந்த நாய்களிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வெள்ளையாக இருக்கிறது.

ஈடிபஸ் தன் அழுக்கைக் கண்டுகொண்டான். பிராக்டர் தன் வெள்ளையைக் கண்டுகொண்டான். இரண்டுக்கும் விலை ஒன்றுதான்.

முதல் வாசிப்பில் கதையின் வேகத்தில் ஒன்று தப்பிவிடும். இரண்டாவது தடவை படிக்கும்போது நாடகத்தில் வரும் கையெழுத்துகளை எண்ணிப் பாருங்கள். 72 பேர் தன் கையெழுத்தால் மரண தண்டனை பெற்றார்கள் என்று டான்ஃபோர்த் பெருமையடிக்கிறார். அதே 72 வாரண்டுகளில் கையெழுத்துப் போட்ட ஹேலுக்குக் கை நடுங்குகிறது. ரெபெக்காவும் எலிசபெத்தும் மார்த்தா கோரியும் நல்லவர்கள் என்று 91 பேர் நம்பிக் கையெழுத்துப் போட்ட மனுவைக் கொண்டுவந்து கொடுத்தால், அந்த 91 பேரையும் விசாரணைக்கு இழுத்து வரச் சொல்கிறார்கள். இத்தனை பெயர்கள் தாளில் விழுந்து ஆட்களைக் கொன்ற பிறகுதான் கடைசியில் ஒரு விவசாயி தன் பெயரைத் தாளிலிருந்து திரும்ப எடுக்கிறான். (72 என்பது மேடைக் கணக்கு. உண்மையில் குற்றவாளி என்று தீர்ப்பானவர்கள் ஏறக்குறைய முப்பது பேர்.)

ஒரு விவசாயி துன்பியல் நாயகன் ஆகலாமா என்று பழைய பண்டிதர்கள் கேட்பார்கள். அரிஸ்டாட்டில் புகழும் செல்வமும் உள்ளவன் வேண்டும் என்றார், அவர் காட்டியவர்கள் மன்னர் குலத்தவர். மில்லர் இதற்கு நாடகம் எழுதும் முன்பே பதில் சொல்லிவிட்டார். 1949-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், அரசனுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு சாதாரண மனிதனுக்கும் துன்பியல் பொருந்தும் என்றார். தன் மானம் என்ற ஒன்றைக் காக்க உயிரையே கொடுக்கத் தயாராக இருக்கும் ஒருவனைப் பார்க்கும்போதுதான் துன்பியல் உணர்வு நம்மிடம் எழுகிறது என்பது அவர் வாதம். கிரீடம் அதற்கு அவசியமில்லை.

மற்றவர்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். அபிகெயில் போதகரின் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறாள், அவளுக்கு அறிதல் எதுவும் இல்லை. டான்ஃபோர்துக்கும் இல்லை, அதுதான் அவருடைய பயங்கரம். ஹேலைப் பற்றி வாதாடலாம். பெரிய பெரிய புத்தகங்களைச் சுமந்துகொண்டு நம்பிக்கையோடு வந்தவர், தவற்றை உணர்ந்து, பொய்யாவது சொல்லிப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று கைதிகளிடம் கெஞ்சும் நிலைக்கு வருகிறார். பிழையும் அறிதலும் இருக்கின்றன. ஆனால் அவர் பிழைக்கு விலை கொடுத்தவர்கள் மற்றவர்கள்.

நிஜ பிராக்டரைத் தேடிப் போனால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அவருக்கு அறுபது வயது இருக்கும், மதுக்கடையும் நடத்தி வந்தார். அபிகெயிலுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோதான். அவர்களுக்குள் உறவு என்பது மில்லரின் கற்பனை. அந்தக் கற்பனைக்கு விதை போட்டது பழைய விசாரணைக் குறிப்பு ஒன்று. எலிசபெத்தை விசாரித்தபோது அபிகெயில் அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். முஷ்டியாக ஓங்கிய கை பக்கத்தில் வந்ததும் விரிந்துவிட்டது, எலிசபெத்தின் தலைத்துணியை மெல்லத் தொட்டது, உடனே விரல் எரிகிறது, விரல் எரிகிறது என்று அலறினாள். அடிக்க வந்த கை ஏன் தொட்டது? அந்த இடைவெளியில்தான் ஒரு நாடகம் முளைத்தது. நிஜ பிராக்டர் 1692 ஜூலையில் சிறையிலிருந்து பாஸ்டன் போதகர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒப்புக்கொள்ள வைக்கத் தன் மகனைக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் வரும்வரை வைத்தார்கள் என்று அதில் இருக்கிறது. ஆகஸ்ட் 19-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். எலிசபெத் கர்ப்பிணியாக இருந்ததால் தண்டனை தள்ளிப்போனது, பிழைத்துக்கொண்டார்.

ஜைல்ஸ் கோரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவரிடம் ஒரு பிழை உண்டு, நிஜமான ஹமார்த்தியா. என் மனைவி மார்த்தா ஒளித்து ஒளித்துப் புத்தகம் படிக்கிறாள், அவள் படிக்கும்போது எனக்குப் பிரார்த்தனை வரமாட்டேன் என்கிறது, இதற்கு என்ன அர்த்தம் என்று ஹேலிடம் வெகுளித்தனமாகக் கேட்டுத் தொலைக்கிறார். மார்த்தா சிறைக்குப் போகிறாள். அதன் பிறகு நீதிமன்றத்தில் ஒரு சாட்சியின் பெயரைச் சொல் என்று மிரட்டும்போது, ஒரு தடவை என் மனைவியின் பெயரைச் சொன்னதற்கே நரகத்தில் வேக வேண்டும், இனிமேல் யார் பெயரும் சொல்லமாட்டேன் என்று வாயை மூடியவர்தான், கல்லுக்கும் திறக்கவில்லை. பிழை, அறிதல், சாவு எல்லாம் இருக்கிறது. மில்லர் அவர் சாவை மேடையில் காட்டாமல் எலிசபெத்தின் வாயால் சில வரிகளில் சொல்லி முடித்துவிட்டார், அதனால்தான் கிழவர் துணைப்பாத்திரமாகவே நின்றுவிட்டார். இன்னொரு நாடகாசிரியர் கையில் அவர் நாயகன் ஆகியிருப்பார் என்பது என் எண்ணம்.

மார்த்தா மேடைக்கே வருவதில்லை, குரல் மட்டும் ஒரு முறை கேட்கும். நிஜ மார்த்தாவை 1692 செப்டம்பர் 22-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள், கணவர் இறந்த மூன்றாம் நாள். 1711-இல் மாசசூசெட்ஸ் அரசு தண்டிக்கப்பட்டவர்கள் பலரின் பெயர்மீது இருந்த களங்கத்தை நீக்கிச் சட்டம் இயற்றியது. ஜான் பிராக்டர் பெயர் அதில் இருக்கிறது. ரெபெக்கா நர்ஸ் பெயர் இருக்கிறது. ஜைல்ஸ் கோரியின் பெயரும் இருக்கிறது. அதற்கு அடுத்து ‘அவருடைய மனைவி’ என்று எழுதி, பெயர் வர வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.